கழிச்சலுக்கு ஒரு கட்டம்

வியாழன் என்றால் இரண்டு மணிக்கே
குடியாத்தத்தில் ஏறிவிட வேண்டும்.
விட்டால் அடுத்த வண்டி பள்ளி விட்டபின்தான்.
மடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்,
கால்மாட்டில் யாருடைய சேவலோ.
பாலம் வந்ததும் எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்ப்போம்,
கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் இல்லைதானே என்று.

கல்லேரிமேடு நடுநிலைப்பள்ளியில்
ஏழு கம்ப்யூட்டர். ஓடுவது மூன்று.
நாலாவது மனசு வைத்தால்.
கைலித் துணியில் முக்காடு போட்டு
வரிசையாக உட்கார்ந்திருக்கும்.
ஒன்றைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை.
அன்றைக்குப் பாடம் அதுதான்.

ஒரு மவுசுக்கு நாலு பிள்ளைகள்.
இருபது எண்ணும் வரை ஒருவர் பிடிக்கலாம்.
தலைக்கு மேல் ஒரே ஒரு மின்விசிறி.
இறக்கைகளில் சிவப்பு பெயின்டில் என்னவோ எழுதியிருக்கும்.
சுற்றும்போது அது வெறும் வளையம்.

மோனிஷாவின் விரல்களைச் சொல்லவேண்டும்.
லோயர் பாஸ் பண்ண நான் பட்ட பாடு
அவளுக்கு மூன்றாம் வாரமே வந்துவிட்டது.
எப்படிடீ என்றேன்.
"ராத்திரியில எரநூறு பீடி சுத்துவேன் மிஸ்.
கரண்ட் இல்லன்னாலும் சுத்துவேன்."
கீபோர்டைப் பார்க்காதே என்று
அவளிடம் மட்டும் நான் சொன்னதில்லை.

கூட்டல் நடத்திய நாள்.
சமக்குறி, எஸ், யு, எம், அடைப்புக்குறி.
கையேட்டில் ஆப்பிள் கணக்கு.
இந்த ஊருக்கு ஆப்பிள் காய்ச்சலோடுதான் வரும்.
உங்களுக்குத் தெரிந்ததைப் போடுங்கள் என்றேன்.
ஒருவன் ஆடுகளைப் போட்டான், செத்ததையும் சேர்த்து.
ஒருத்தி அக்கா கல்யாணத்து மொய்.
மோனிஷா போட்டாள்:
தொள்ளாயிரம். ஆயிரம். எண்ணூற்று ஐம்பது.
ஆயிரம். ஆயிரம். எழுநூற்று ஐம்பது.
எண்டர்.
ஐயாயிரத்து ஐந்நூறு.

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லுது மிஸ்.
அம்மா பாஸ்புக்ல அஞ்சாயிரம்தான்."

சரிபார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்,
கம்ப்யூட்டர் மிஸ், விரல் விட்டு.
தப்பு எங்கே என்று தெரிந்ததும்
எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தேன்.
அது நன்றாகத்தான் இருந்தது.

மவுஸ் முறை இப்போது லோகேஷுக்கு.
பதினொன்று, பன்னிரண்டு என்று மற்றவர்கள் எண்ண,
திரையைப் பார்த்தபடியே சொன்னான்:
"கழிச்சலுக்கு ஒரு கட்டம் போடணும்.
இல்லன்னா டேலி ஆவாது."
ஒற்றை விரலால் ஐந்நூறு என்று அடித்தான்.
பிறகு, யாரும் கேட்காமலே,
"எங்க வூட்ல அதைத் தூக்கிப் போடமாட்டாங்க.
சேத்துதான் மூட்ட கட்டுவாங்க."

பதினாறு வரை வந்த எண்ணிக்கை அங்கேயே நின்றது.

எனக்கு எக்செல் தெரியும்.
இந்த வரிக்கு அடுத்த வரி
எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் நடத்தவில்லை.
மோனிஷா அவனைப் பார்க்கவில்லை.
கர்சரைப் பார்த்தாள்.
அது காலிக் கட்டத்தில்
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கரண்ட் போனது.
மூன்றரை மணி கரண்ட், சொல்லிக்கொண்டா போகும்.
யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
விசிறி மெல்ல மெல்ல ஓய,
சிவப்பு வளையம் பிரிந்து எழுத்தானது.
உபயம்.
பீடி ஏஜென்ட்.
மு. தனபால்.
இறக்கைக்கு ஒன்றாக.
ஆறாம் வகுப்புப் பொடியன் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான்,
படிக்க வந்துவிட்ட சந்தோஷத்தில்.
லோகேஷ் நிமிரவில்லை.
அப்பா பெயரை அவன் நிமிர்ந்து படிக்க வேண்டியதில்லை.

"சேவ் பண்ணியாச்சா?"
யாரைக் கேட்கிறேன் என்று தெரியாமல் கத்தினேன்.
அந்தப் பெட்டி ஐந்து நிமிடம்தான் தாங்கும்.

மவுஸ் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.
"பேரு கேக்குது மிஸ்.
இன்னா பேரு வெக்கிறது?"

மோனிஷா அவன் குறுக்கே கையை நீட்டினாள்.
சரளா என்று அடித்தாள். யோசித்து,
முன்னால் போய் இனிஷியலும் போட்டாள்.

நாலு இருபதுக்கு எனக்கு வண்டி.
ஹாரன் கேட்டது.
மோனிஷா ஜூன் மாதத்து பாஸ்புக்கை
பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.